கசங்கின உடுப்போட பயணம் போக யாரால முடியும்? கேரவனும் அயன் பெட்டியும்

கேரவனில ஊர் சுத்தப் போகேக்க உடுப்பை அயன் பண்ணுறதா, விடுறதா? பிரித்தானியாவிலயோ அவுஸ்திரேலியாவிலயோ விடுமுறைக்குக் கேரவன் இழுத்துக்கொண்டு போற குடும்பங்களுக்குள்ள இது உண்மையிலேயே ஒரு வாக்குவாதம். ஒரு பக்கம், "விடுமுறையில ஆர் பாக்கப் போகினம், அப்பிடியே போடு" எண்டு சொல்லும். மற்றப் பக்கம், "வெளிய சாப்பிடப் போகேக்க ஒரு சேட்டாவது ஒழுங்கா இருக்க வேணும்" எண்டு சொல்லும்.

எங்களில கன பேருக்குக் கேரவன் எண்டதும் நினைவுக்கு வாறது படப்பிடிப்பில நடிகர்கள் இருந்து இளைப்பாறுகிற குளிரூட்டின வாகனம்தான். இங்க கதைக்கப் போறது அதைப் பற்றி இல்லை. காருக்குப் பின்னால, அதுக்கு முதல் குதிரைக்குப் பின்னால, இழுத்துக்கொண்டு போற சின்ன வீட்டைப் பற்றி. சொல் பாரசீகத்தில இருந்து வந்தது. 'கார்வான்' எண்டால் கூட்டமாகச் சேர்ந்து பயணம் செய்கிற வணிகர்கள். பழந்தமிழில் அதற்குச் 'சாத்து' என்று பெயர். கோவலனின் தகப்பன் மாசாத்துவானின் பெயருக்குள்ளும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் காலப்போக்கில் கூட்டத்தை விட்டுவிட்டு, கூரை போட்ட வண்டிலைக் குறிக்கத் தொடங்கியது.

அயன் பண்ணுறதா வேண்டாமா எண்ட கேள்வியைப் பகிடியாகக் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அதன் வரலாற்றைத் தேடிப் பார்த்தால் ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருகிறது. திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறவருக்குத்தான் இது பகிடி. ரோட்டே வீடாக இருந்தவர்களுக்கு உடுப்பின் மடிப்பு, தாங்கள் ஆர் எண்டு மற்றவர்களுக்குக் காட்ட வேண்டிய அத்தாட்சியாக இருந்திருக்கிறது.

சூடு எங்க இருந்து வாறது?

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். பருத்தித் துணியின் இழைகளுக்குள்ள செலுலோசுச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது ஏ.எல் இரசாயனவியலில் படிச்ச அதே ஐதரசன் பிணைப்புகள்தான். துணி ஈரமாகிக் கசங்கினால் பழைய பிணைப்புகள் விட்டுப்போய், கசங்கின நிலையிலேயே புதுசாகப் பிணைப்புகள் உண்டாகும். அயன் பண்ணுறது எண்டால் ஈரத்தாலயும் சூட்டாலயும் அந்தப் பிணைப்புகளை விடுவித்து, அழுத்திப் பிடித்து, நேரான நிலையில் திரும்ப உருவாக விடுகிறதுதான். ஆகவே மூன்று விசயம் வேணும்: ஈரம், பாரம், சூடு. ஈரமும் பாரமும் பிரச்சினையில்லை. பயணத்தில சூடுதான் பிரச்சினை.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாதாரணமாகப் புழங்கினது அடுப்பின் மேல வைத்துச் சூடாக்குகிற இரும்புக் கட்டி. ஒன்று ஆறின உடனே மற்றதை எடுக்க வேணும். பிடியும் இரும்புதான் எண்டதால, துணி சுத்தித்தான் பிடிக்கலாம். 1871இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேரி புளோரன்ஸ் பொட்ஸ் என்ற பெண் கழற்றிப் பூட்டக்கூடிய மரப்பிடி ஒன்றுக்கு உரிமம் பெற்றார். ஒரு பிடி, பல கட்டிகள். ஒரு கட்டியால மினுக்கிக்கொண்டிருக்க மற்றவை அடுப்பில சூடாகும், கையும் சுடாது. 1882இல் நியூயோர்க்கில் ஹென்றி சீலி மின்சார அயனுக்கு உரிமம் வாங்கினார். ஆனால் அதைச் செருகுவதற்கு வீடுகளில் மின்சாரம் வேணுமே! அது எல்லா இடமும் வந்து சேரப் பல பத்தாண்டுகள் எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவின் கோல்மன் நிறுவனம் பெற்றோலில் எரிகிற அயனையும், பிரித்தானியாவின் டில்லி நிறுவனம் மண்ணெண்ணெயில் எரிகிற அயனையும் விற்றன. கம்பி வராத இடங்களுக்கு அவைதான் உதவின.

இண்டைக்கும் கேரவனில் இதே கணக்குத்தான். சாதாரண வீட்டு அயன் 2000 வாற்றுக்கும் மேல இழுக்கும். 230 வோற்றில் அது கிட்டத்தட்ட 9 அம்பியர். முகாம் மைதானத்தில் 16 அம்பியர் இணைப்புத் தந்தால் சமாளிக்கலாம். 6 அம்பியர்தான் தந்தால் அயனைச் செருகின உடனே 'ட்ரிப்' ஆகிவிடும். கேரவனின் 12 வோற்று பற்றரியில் இருந்து எடுக்கப் பாத்தால் 160 அம்பியருக்கும் மேல வேணும், அது நடக்கிற காரியம் இல்லை. அதாலதான் வாற்று குறைஞ்ச பயண அயன்களை விற்கிறார்கள்.

1885: பணியாளோட போன 'ஜென்டில்மன் ஜிப்சி'

பொழுதுபோக்காகக் கேரவனில் போகிற வழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது ஒரு ஸ்கொட்லாந்துக்காரரை. பெயர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராக இருந்து, பிறகு சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் பேர் வாங்கினவர். 1885இல் இங்கிலாந்தின் டுவைஃபோர்டில் இருந்து ஸ்கொட்லாந்தின் வடக்கே இன்வர்னஸ் வரை குதிரை வண்டிலில் போனார். வண்டிலின் பெயர் 'வாண்டரர்'. பிரிஸ்டல் வாகன் தொழிற்சாலையில் அவருக்கெண்டே செய்வித்தது. உள்ளுக்க மகோகனி மரவேலை, புத்தக அலுமாரி. நிறை கிட்டத்தட்ட 2 தொன். இழுக்க இரண்டு குதிரைகள்.

வண்டிலோட ஆர் ஆர் போனது எண்டு பாருங்கோ. குதிரைகளைப் பார்க்க ஒரு வண்டிக்காரர். ஐயாவின் தேவைகளைக் கவனிக்க ஃபோலி எண்ட பணியாள். ஒடுங்கின ரோட்டுகளில வண்டில் வாறது எண்டு முன்னால போய்ச் சொல்லுறதுக்காக அந்த ஃபோலி முச்சில்லுச் சைக்கிளில போவார். ஒரு பெரிய நாயும் ஒரு கொக்கற்றூக் கிளியும்கூட வந்தன. ஸ்டேபிள்ஸ் தன்னை 'ஜென்டில்மன் ஜிப்சி' எண்டு பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அடுத்த வருசமே பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். 1907இல் பிரித்தானியாவில் கேரவன் கழகம் தொடங்கினபோது அதில் அவருக்கு மதிப்பான இடம் கிடைத்தது. 'வாண்டரர்' இண்டைக்கும் பாதுகாக்கப்படுகிறது.

உடுப்பைப் பற்றி இவர் கவலைப்பட வேண்டி வந்திருக்காது. முதலாவது, கூட வந்த ஆள் பார்த்துக்கொள்ளுவார். இரண்டாவதுதான் முக்கியம்: கசங்கின கோட்டோட ஒரு கிராமத்தில இறங்கினாலும் அவரை ஒருவரும் நாடோடி எண்டு துரத்தப் போறதில்லை. அவர் வைத்தியர், எழுத்தாளர், டுவைஃபோர்டில் வீடு இருக்கு. ஒரு கோடை காலத்துக்கு ஜிப்சியாக இருந்துபோட்டு வீட்ட திரும்பிப் போகலாம்.

அதே ரோட்டில இன்னொரு வண்டில்

அவர் பெயரை இரவல் வாங்கின உண்மையான மக்களின் நிலை வேறு. ரோமானி மக்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தானியாவுக்கு வந்துவிட்டார்கள். 1530இல் அவர்களை நாட்டை விட்டு வெளியேற்ற ஒரு சட்டம். 1554இல் இன்னொரு சட்டம், ஒரு மாதத்துக்கு மேல தங்கினால் மரண தண்டனை எண்டது. அலைகிற வாழ்க்கையை விட்டால் தப்பலாம். நீண்ட காலம் கூடாரங்களில் வாழ்ந்த அவர்கள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் 'வார்டோ' எண்ட வீட்டு வண்டிலுக்கு மாறினார்கள். வண்டிலுக்குள்ள ஒரு சின்ன இரும்படுப்பு. சமையல், குளிர்காய்தல், தண்ணி சுடவைத்தல் எல்லாம் அதிலதான். அந்த அடுப்பின் புகைக்குழாயை ரோட்டின் நடுப்பக்கமாக வைப்பார்கள். ஓரத்தில தாழ்ந்து நிக்கிற மரக்கொப்புகள் முட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

ஸ்டேபிள்ஸ் வடக்கே போன அதே 1880களில், ஜோர்ஜ் ஸ்மித் எண்ட சீர்திருத்தவாதி இந்த வண்டில்களைப் பதிவு செய்ய வேணும், அதிகாரிகள் உள்ளுக்குப் போய்ச் சோதிக்க வேணும் எண்டு பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். செங்கல் சூளைகளில் வேலை செய்த பிள்ளைகளுக்காகவும் கால்வாய்ப் படகுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்காகவும் உண்மையாகப் போராடின மனிசன்தான் அவர். ஆனால் ரோமானி வண்டிலைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது அழுக்கும் ஒழுக்கக்கேடும் மட்டும்தான். அந்தச் சட்டமூலம் பல தடவை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. 'வண்டிலில வாழுறவன் அழுக்கன்' எண்ட எண்ணம் மட்டும் நிலைச்சு நிண்டது.

இதில ஒரு முரண் இருக்கு. ரோமானி வீடுகளில் சுத்தத்துக்குக் கடுமையான விதிகள் உண்டு. உடுப்புத் துவைக்கிற பாத்திரத்தில் சாப்பாட்டுக் கோப்பை கழுவக்கூடாது. கை கழுவின தண்ணியும் சமையல் பாத்திரமும் சேரக்கூடாது. அவர்களோட வாழ்ந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜூடித் ஓக்லி 1983இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். வீட்டுக்காரர் ஒரே தொட்டியில கையும் கழுவி, கோப்பையும் கழுவி, உடுப்பும் ஊறப்போடுவதைப் பார்த்து, ரோமானிகள் வீட்டுக்காரரைத்தான் அழுக்கர் எண்டு நினைத்தார்கள். புதுக் கேரவன் வாங்கினால் அதில இருக்கிற தொட்டியைப் பாவிக்காமல் விடுகிறதோ, தொட்டியே இல்லாமல் செய்விக்கிறதோ வழக்கம். ஆனால் அவர்களின் சுத்தத்தை அளந்தது அவர்களின் விதியால் இல்லை. வெளியில இருந்து பாக்கிறவரின் கண்ணால்.

சட்டமும் அந்தக் கண்ணோடதான் பார்த்தது. 1960இல் பிரித்தானியா கேரவன் தரிப்பிடங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. ரோமானிகளும் ஏனைய பயண மக்களும் தலைமுறை தலைமுறையாகத் தங்கின பல இடங்கள் இதால மூடப்பட்டன. அதே சட்டத்தில் அங்கீகாரம் பெற்ற கேரவன் கழகங்களுக்கு விலக்கு உண்டு. தங்கள் உறுப்பினர்களுக்காக ஐந்து கேரவன்கள் வரை நிறுத்தக்கூடிய சின்ன இடங்களை அவர்களே அங்கீகரிக்கலாம். அதாவது ஒரே வயல், ஒரே மாதிரிக் கேரவன். வந்திருப்பது விடுமுறைக்காரர் எண்டால் ஒரு சட்டம், ரோமானிக் குடும்பம் எண்டால் இன்னொரு சட்டம். 1968இல் உள்ளூராட்சி சபைகள் பயண மக்களுக்குத் தரிப்பிடம் அமைத்துக் கொடுக்க வேண்டும் எண்டு சட்டம் வந்தது. 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. 2022இல் வந்த சட்டம், அனுமதியில்லாமல் வாகனத்தோட தங்குறதைச் சில நிலைமைகளில் குற்றமாகவே ஆக்கிவிட்டது.

கலிபோர்னியா எல்லையில 136 பொலிஸ்காரர்

அட்லாந்திக்குக்கு அந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். 1930களில் அமெரிக்காவின் ஒக்லஹோமா, ரெக்சாஸ், ஆர்கன்சா போன்ற மாநிலங்களில் வரட்சியும் புழுதிப் புயலும் கடனும் சேர்ந்து விவசாயக் குடும்பங்களைக் காணியில் இருந்து கிளப்பின. பழைய காருக்கு மேல மெத்தையும் சட்டிபானையும் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அதே ரோட்டுகளில் அதே காலத்தில், வசதியான அமெரிக்கர்கள் கேரவன் இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தனக்கு அதிகாரமே இல்லாத மாநில எல்லைகளுக்கு 136 பொலிஸ்காரரை அனுப்பினார். கையில காசோ வேலையோ இருப்பதாகத் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்ப வேணும் எண்டது கட்டளை. இப்ப யோசியுங்கோ. தூசி படிஞ்ச காரில, கன நாள் ரோட்டில கிடந்த உடுப்போட, அந்தச் சாவடியில நிக்கிற ஒரு தாய். பொலிஸ்காரன் முதலில் பார்க்கிறது அவளின்ர பிள்ளைகளின் சட்டையைத்தான்.

அந்த வருசம் ஒக்டோபரில் ஜோன் ஸ்டைன்பெக், சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் இந்த மக்களைப் பற்றி ஏழு கட்டுரைகள் எழுதினார். 'அறுவடை ஜிப்சிகள்' எண்டதுதான் தலைப்பு. ஒரு முகாமில் மூன்று குடும்பங்களை வரிசையாகக் காட்டுகிறார். முதல் குடும்பம் இன்னும் சுத்தத்தைக் காப்பாற்றப் போராடுகிறது. அடுத்தது கொஞ்சம் கைவிட்டுவிட்டது. மூன்றாவது முழுதாக ஓய்ந்துபோய்க் கிடக்கிறது. சுத்தம் எப்பிடிப் படிப்படியாகக் கைநழுவிப் போகிறது எண்டதை அவர் அப்பிடிப் பதிவு செய்தார். அது சோம்பலால் நடந்ததில்லை. சவர்க்காரம் வாங்கக் காசில்லை, நல்ல தண்ணி இல்லை. அரசாங்கம் அமைத்த முகாம்களில் குடும்பங்கள் பெரிதாக மதித்த வசதிகளில் துவைக்கிற தொட்டியும் சுடுதண்ணியும் அடக்கம். வறியவர்களைக் கலிபோர்னியாவுக்குள் கூட்டிவருவதைக் குற்றமாக்கின சட்டத்தை 1941இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது எண்டு தீர்த்தது.

கசங்காத துணி வந்த பிறகு

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் சேர்ந்து கண்டுபிடித்த பொலியெஸ்டர் நார், 'ரெரிலின்' எண்ட பெயரில் பல நாடுகளுக்கும் போனது. எங்கட தாத்தாமாரின் காலத்தில ரெரிலின் சேட் எண்டால் ஒரு மதிப்பு. 1950களிலும் 60களிலும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் ரூத் பெனரீட்டோவும் கூட இருந்தவர்களும் செலுலோசுச் சங்கிலிகளை இரசாயனத்தால் குறுக்காகப் பிணைத்து, பருத்தியையே கசங்காமல் பண்ணும் வழியைக் கண்டார்கள். 'துவைச்சு உடன போடலாம்' எண்ட உடுப்பு வந்தது. விடுமுறைக்கும் அயன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பெண்களுக்கு இது சின்ன விடுதலை இல்லை. ஏனெண்டால் ஃபோலி மாதிரிப் பணியாள் இல்லாத குடும்பங்களில், கேரவனுக்குள்ள சமைச்சதும் துவைச்சதும் பெரும்பாலும் அம்மாதானே. மற்ற எல்லாருக்கும் விடுமுறை, அவவுக்குக் குசினி மட்டும் சின்னனாகிப் போச்சு.

எங்கட பக்கம் வந்தால்

எங்களுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை எண்டு நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் உடுப்பு வெளுக்கிறதும் மினுக்கிறதும் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட குடிமைத் தொழிலாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் என்ன உடுக்கலாம், எப்பிடி உடுக்கலாம் எண்டதற்கே கட்டுப்பாடு விதித்த சமூகம் எங்களுடையது. மடிப்புக் கலையாத வேட்டி ஒருவரின் மதிப்பைக் காட்டியது. அந்த மடிப்பை உண்டாக்கின கைக்கு மதிப்பு இருக்கவில்லை. ஸ்டேபிள்ஸைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முதல் இதையும் நினைக்க வேணும்.

பிறகு போர் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நிண்டது. கன வருசம் திரும்பி வரவில்லை. சிரட்டைக்கரி அயன் பெட்டிகள் திரும்பவும் புழக்கத்துக்கு வந்தன. சிரட்டையை எரிச்சு, தணலைப் பெட்டிக்குள்ள போட்டு, சாம்பல் பறக்க விசிறி, அடிப்பக்கத்தை வாழையிலையில தேய்ச்சுத்தான் வெள்ளைச் சட்டையில வைக்கலாம். ஒரு பொறி விழுந்தால் சட்டை போச்சு. அதுவும் இல்லாட்டில் மடிச்சுத் தலகாணிக்குக் கீழ வைச்சுப் படுக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பிறகு வன்னிக்கும் போனது. போன இடங்களில மரத்தடியிலும் கொட்டிலிலும் பள்ளிக்கூடம் நடந்தது. அங்கயும் வெள்ளைச் சட்டைதான். அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின ஒரு அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ, அந்தச் சட்டையை எப்பிடித் துவைச்சு எப்பிடி மினுக்கினவை எண்டு கேட்டுப் பாருங்கோ. சோதனைச் சாவடிக்குப் போகேக்க என்ன உடுப்பைத் தெரிஞ்செடுத்தவை எண்டும் கேளுங்கோ. எங்கட வரலாற்றில ஒரு பகுதி அந்தப் பதில்களுக்குள்ள இருக்கு. அதை எழுதி வைக்க வேண்டியது நாங்கள்தான்.

வீடு இல்லாதவருக்குச் சுத்தமும் ஒரு பொறிதான். உடுப்பு அழுக்கெண்டால் 'நாடோடி', 'ஒழுங்கில்லாதவன்'. உடுப்பு வடிவா மடிப்போட இருந்தால் 'இவையைப் பாத்தா அகதி மாதிரியா கிடக்கு?' வெள்ளமோ போரோ வந்து சனம் முகாமில இருக்கேக்க, நிவாரணம் குடுக்கப் போறவர்களின் வாயிலயும் இந்தக் கதை வாறதைக் கேட்டிருப்பீங்கள். நல்ல சேட் போட்ட ஆளுக்கு உதவி தேவையில்லை எண்டு நினைக்கிறவர், அந்தச் சேட்டை மினுக்க எவ்வளவு பாடுபட்டிருப்பினம் எண்டு யோசிக்கிறதில்லை.

ஆகவே கேரவன்காரரின் கேள்விக்குப் பதில் லேசானது. விடுமுறைக்குப் போறீங்கள் எண்டால் அயன் பெட்டியை வீட்டிலேயே விட்டுட்டுப் போங்கோ. கசங்காத துணியாகப் பாத்து எடுங்கோ, இரவில ஈரத்தோட கொழுவி விடுங்கோ, பற்றரியும் மிஞ்சும் அம்மாவின் நேரமும் மிஞ்சும். கசங்கின சட்டையோட எங்கயும் இறங்கலாம் எண்ட துணிவு உங்களுக்கு இருக்கிறது நல்ல விசயம்தான். ஆனால் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோட ஒரு பிள்ளை பள்ளிக்கு நடந்து போறதைக் கண்டால், 'இதுக்குள்ள இருந்துகொண்டு இவ்வளவு வடிவா?' எண்டு கேக்காதேங்கோ. அந்தத் துணிவை நாங்கள் இன்னும் அந்தப் பிள்ளைக்குக் குடுக்கவில்லை.